உண்டியல் காசும் கற்பூரமும்

எங்கள் கடலில் மீன் ஒரு நாளும் குறைந்ததில்லை. வலை போட்டால் மீன், மீனைக் கரைக்குக் கொண்டுவந்தால் காசு. நான் சொல்வது கம்ப்யூட்டருக்குள் இருந்த கடலை. எல்லாத் தொல்லையும் அந்தக் குறையாத மீனில்தான் ஆரம்பித்தது.

புத்தாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த நேரம். தண்டையார்பேட்டையில், டோல்கேட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பதினாறு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது கையில் கொடுத்ததை எட்டு கம்ப்யூட்டராக மாற்றிப் போட்டேன். எனக்குத் தெரிந்தது வெல்டிங். பத்தாவது வரை படிப்பு. விபூதி பூசாமல் ஷட்டரைத் தூக்கியதில்லை, வெள்ளிக்கிழமை எட்டு மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்காமல் ஸ்விட்சைப் போட்டதில்லை. மற்றதெல்லாம் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று இருந்தவன்.

விளையாட்டை எழுதியது என் மனைவியின் தம்பி. பாரிமுனைப் பக்கம் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். "சுடுற விளையாட்டு எல்லாக் கடையிலயும் கீது மாமா. நம்ம ஜனத்துக்குத் தெரிஞ்சத வெப்போம். படகு, வலை, மீனு" என்றான். ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினான். இன்டர்நெட்டில் வைத்ததால் யார் எங்கிருந்தும் ஆடலாம். ராயபுரத்தில் ஒரு சென்டர், எண்ணூரில் இரண்டு சென்டர் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் சேர்ந்தார்கள்.

முதலில் கையில் ஒரு கட்டுமரம் கிடைக்கும். காசு சேர்த்து பைபர் படகு வாங்கலாம். அதற்கும் மேலே விசைப்படகு. அது மொத்தக் கடலுக்கும் நாற்பதுதான். அப்படி வைத்தால்தான் மதிப்பு என்று மச்சான் சொன்னான். வேண்டுமென்றால் வைத்திருக்கிறவரிடம் பேசி, அவர் கேட்கிற விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். கரையில் ஒரு மீன் வியாபாரி நிற்பான். அவன் ஆள் இல்லை, வெறும் படம். எவ்வளவு மீன் போட்டாலும் ஒரே விலைக்கு வாங்கிக்கொண்டு காசைக் கொடுப்பான். மச்சான் பகலில் ஆபீஸ் போய்விடுவதால் புகார், சண்டை, சமாதானம் எல்லாம் என் தலையில். கரைத்தலைவர் என்று எனக்கு ஒரு பட்டம் வேறு போட்டிருந்தான்.

ஆடவந்தவர்களில் ஒரு கன்டெய்னர் லாரி டிரைவர் இருந்தான். துறைமுகத்துக்குள் போகிற லாரி வரிசை சில நாள் எங்கள் பக்கம் வரைக்கும் நிற்கும். மணிக்கணக்கில் நகராது. வண்டியில் கிளீனரை உட்காரவைத்துவிட்டு இவன் என் கடைக்கு வருவான். மூலையில் இருந்த மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்தான் அவனுக்கு. மற்றவர்கள் காசு கிடைத்ததும் புது வலை, பெரிய வலை என்று செலவழிப்பார்கள். இவன் கட்டுமரத்திலேயே போய்வந்து சேர்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன்.

"எங்க நைனா இருபது வருசம் அடுத்தவன் போட்டுல ஏறி எறங்கனாரு அண்ணே. சொந்தமா ஒன்னு இல்லாமலே போய் சேந்தாரு. நான் இன்னாடான்னா அடுத்தவன் லாரில ஏறி எறங்கறேன். இதுலயாவது ஒரு விசப்படகு எடுத்து அவுரு பேர எழுதணும்" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு அவன் வந்தால் மூன்றாம் நம்பரை வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

அவன் சேர்க்க ஆரம்பித்தபோது விசைப்படகு எட்டாயிரம் காசு. எட்டாயிரம் சேர்த்தபோது பன்னிரண்டாயிரம் ஆகியிருந்தது. பன்னிரண்டைத் தொட்டபோது பதினேழு. "நான் பின்னாடியே ஓடறேன், அது முன்னாடியே போய்கினு கீது. இன்னா அண்ணே இது, எம்மாடி!" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டான். எனக்கும் புரியவில்லை. படகு அதே படகு. விலை மட்டும் ஏன் ஏறுகிறது?

புரியவைத்தது காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற அக்கா ஒருத்தி. ஏலம் முடித்து, குளித்து, பூ வைத்துக்கொண்டு புதன்கிழமை மத்தியானங்களில் வருவாள். சிங்கப்பூரில் இருந்த மகளைக் கேமராவில் பார்த்துப் பேச. ஒரு நாள் லைன் கிடைக்கவில்லை. பக்கத்தில் டிரைவர் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கேட்டாள்.

"இன்னா நைனா இது, இவன் எத்தினி கூட மீனு எடுத்தாந்தாலும் அந்தாளு வாங்கிக்கினே கீறான்?"

"அது ஆளு இல்லக்கா, கம்ப்யூட்டரு."

"இன்னாவோ இருக்கட்டும். அவன் பையில காசு தீராதா? எங்க கரையில பத்து போட்டு ஒன்னா வந்து நின்னா வெல தொபுக்குனு வுழுந்துடும். வாங்கறவன் மடியில இருக்கறது அவ்ளோதான். உன் ஆளுக்குக் காசு மடியிலயே மொளைக்குது. தெருவெல்லாம் அதுதான் கெடக்கும். அப்பறம் அந்தக் காசுக்கு இன்னா மரியாத?"

டிரைவர் திரும்பிப் பார்த்தான். "ஆயா, நீ வந்து இதுக்குத் தலைவரா ஒக்காரு. அண்ணனுக்கு ஒன்னும் தெரில."

"போடா கசுமாலம், யார்ரா உனுக்கு ஆயா?" என்று அவன் தலையில் தட்டிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் மச்சானிடம் சொன்னேன். அவனும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தானாம். "காசு வர்றதுக்கு வழி கீது, போறதுக்கு வழி இல்ல மாமா. ட்ரெயினேஜ் வெக்காத வூடு மாதிரி ரொம்பிப் போச்சு" என்றான். வியாபாரி கொடுக்கிற விலையைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தான். இரண்டே நாள். எண்ணூர் ஆட்கள் எனக்கு எழுதிய மெசேஜை இங்கே எழுத முடியாது. பழைய விலையையே திரும்ப வைத்தோம்.

காசை வெளியே எடுக்க வேண்டும், ஆனால் யாரும் வயிறு எரியக் கூடாது. ஜனங்கள் தாங்களாகக் கொண்டுவந்து சந்தோஷமாகப் போடுகிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். கரையில் ஒரு அம்மன் கோயில் வைத்து அதற்கு முன்னால் உண்டியல் வை என்றேன். போட்டவர் பேருக்குப் பக்கத்தில் ஒரு வாரம் சின்ன விளக்கு எரியட்டும். மச்சான் "சூப்பர் மாமா" என்றான். அவன் என்னை மெச்சியது அது ஒரு தடவைதான்.

காசு கொட்டியது. இருபத்துநாலாயிரம் வரைக்கும் போயிருந்த விசைப்படகு நின்றது, பிறகு இறங்கியது. ஒரு மாதத்தில் இருபத்தோராயிரம். டிரைவரிடம் இருபதாயிரத்து ஐந்நூறு இருந்தது. ஒவ்வொரு தடவை கரை திரும்பும்போதும் உண்டியலில் ஒரே ஒரு காசு போடுவான். "ஒன்னு போட்டா போதும், அம்மா கோச்சிக்க மாட்டா" என்பான். இன்னும் ஐந்நூறுதான். லாரி நாலைந்து நாள் வரிசையில் நின்றால் முடிந்தது.

இங்கேதான் நான் தப்பு செய்தேன்.

உண்டியலில் விழுகிற காசு எங்கே போகிறது என்று ஒரு நாள் மச்சானைக் கேட்டேன். "எங்கயும் போவல. அழிஞ்சிடும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவளும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள். "சாமிக்குப் போட்டத அழிக்கறதா? இன்னாங்க அநியாயமா கீது? சோறா, கூழா, ஜனத்துக்குத்தானே திரும்பணும்?" என்றாள். விளையாட்டுக் காசுதான், அது எங்களுக்குத் தெரியாதா. ஆனால் போட்டவர்கள் கும்பிட்டுப் போட்டார்கள். மானிட்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைத் துடைத்து எறிகிறோம் என்று தெரிந்த பிறகு கோயிலுக்குப் போய் நிற்கவே கூச்சமாக இருந்தது.

ஆடி மாதம் வந்தது. எங்கள் தெரு அம்மனுக்கு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவோம். அதே ஞாயிற்றுக்கிழமை விளையாட்டிலும் கூழ் ஊற்றலாம் என்று முடிவு செய்தேன். உண்டியலில் இதுவரை விழுந்த மொத்தக் காசையும் கணக்குப் பார்த்துத் திரும்ப உண்டாக்கி, எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது.

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். "வேணாம் மாமா. சாக்கடையில போனத மொண்டு திரும்ப வூட்டுக்குள்ள ஊத்தறா மாதிரி ஆயிடும்."

"உண்டியலப் போய் சாக்கடைங்கறியே, நாக்கு அழுவிடும்டா!" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா புருஷன் வார்த்தை. செய்துகொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் கூழ் வாசனை, வேப்பிலைத் தோரணம், மேளம். கடைக்குள் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு காசு. வந்தவர்கள் எல்லாரும் "தலைவரே, தலைவரே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அன்று ஒரு நாள் எனக்கு மனசு நிறைந்திருந்தது உண்மை. தெருவில் கூழ் வாங்க இரண்டு சொம்போடு வருகிறவர்கள் உண்டு, விளையாட்டிலும் அப்படித்தான். வேறு வேறு பேரில் நாலு தடவை வாங்கியவர்கள் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. கையில் காசு வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் விசைப்படகு கேட்டு ஓடினார்கள். படகு வைத்திருந்தவர்கள் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை பார்த்தால் முப்பத்துநாலாயிரம்.

டிரைவர் புதன்கிழமை வந்தான். அவன் கணக்கிலும் கூழ்க் காசு சேர்ந்து இருபத்திரண்டாயிரம் இருந்தது. போன வாரத்து விலைக்குப் படகு வாங்கி மீதியும் இருந்திருக்கும். விலைப் பலகையை மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்து நான் ஊதுபத்தியைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன். எழுந்து வந்து அரை மணிக்கான காசை மேசையில் வைத்தான்.

"கூழு நல்லா இருந்துச்சு அண்ணே" என்றான். போய்விட்டான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் உடம்பு அசதியாகிறது. ஒவ்வொரு நாளும் ஷட்டரைத் தூக்கினதும் ஒரே கேள்வி: "தலைவரே, எப்ப எறங்கும்?" எண்ணூரிலிருந்து அதே கேள்வி, ராயபுரத்திலிருந்து அதே கேள்வி. புதிதாக வருகிறவன் கட்டுமரத்தில் ஒரு வாரம் துடுப்புப் போட்டுவிட்டு, பைபர் படகு விலையைப் பார்த்ததும் எழுந்துபோய்விடுவான். பக்கத்துத் தெருவில் ஒரு சென்டர் திறந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சுடுகிற விளையாட்டு வைத்தார்கள். விலைவாசியைக் குறைக்கத் தெரியவில்லை என்று டீக்கடையில் நின்று மந்திரிகளை ஏசுகிற பழக்கம் எனக்கு இருந்தது. அந்த வருடத்தோடு விட்டுவிட்டேன்.

மச்சான் ஒரு வழி சொன்னான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். எல்லாருக்கும் ஒரு கட்டுமரம், கையில் பூஜ்யம். ஒரே நாளில் விலை சரியாகிவிடும். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் மூன்றாம் நம்பரில் ஒருத்தன் ஒன்றரை வருடம் உட்கார்ந்து சேர்த்தது அதற்குள் இருக்கிறதே. அவன் அப்பா பேர் எழுதப் போகிற படகு.

"அப்ப அவனுக்கு மட்டும் ஒன்னு சும்மா குட்துடறேன். நாப்பத்தி ஒன்னாவது படகு. ஒரு பட்டன்தான் மாமா, யாருக்குத் தெரியப்போவுது?"

கொடு என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒரு தடவை சும்மா கொடுத்துப் பார்த்தாகிவிட்டதே என்று முழுங்கிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடையில் பூஜை. மனைவி எட்டாம் நம்பர் மானிட்டரிடமிருந்து கத்தினாள். "போன வாரம்தான் ஒரு டப்பா கற்பூரம் வாங்கனோம். அதுக்குள்ள தீந்துபோச்சு. வாங்கிகினு வாங்க."

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். தட்டில் ஒரு துளி கறுப்பு மட்டும் இருந்தது. பிறந்ததிலிருந்து எத்தனை டப்பா கற்பூரம் வாங்கியிருப்பேன், அந்தக் காசு எங்கே போச்சு என்று ஒரு நாளாவது கேட்டிருப்பேனா? அதில் பங்கு கொடு என்று எந்த ஜனமாவது கேட்டிருக்கிறதா? எரிந்தது, அவ்வளவுதான். அதில் யாருக்கும் பாவம் இல்லை.

மச்சானுக்கு அப்போதே போன் போட்டேன். உண்டியலை எடுத்துவிடு. எந்தப் படகும் கடலில் இறங்குவதற்கு முன்னால் கரை அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கட்டுமரத்துக்கு ஒரு வில்லை, பைபருக்கு ஐந்து, விசைப்படகுக்கு இருபது. வில்லை ஒன்றுக்கு இத்தனை காசு.

"மாமா, அழிஞ்சிடும்னு நான் மொதல்லயே சொன்னதுதானே இது?"

"அழியல. எரியுது."

"ரெண்டும் ஒன்னுதான் மாமா."

"உனக்கு ஒன்னு. வெச்சிக் குடு."

யாரும் முணுமுணுக்கவில்லை. காசிமேட்டுக்காரனிடம் போய் கற்பூரம் ஏற்றாமல் கடலில் இறங்கு என்று சொன்னால்தான் சண்டைக்கு வருவான். ஆனால் உண்டியல் மாதிரி இது வேகமாக வேலை செய்யவில்லை. முப்பத்துநாலு அப்படியே நின்றது. மூன்று வாரம் கழித்து முப்பத்துமூன்று. தீபாவளிக்கு முப்பத்தொன்று. கோயிலுக்குப் போனால் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. இன்னும் ஒரு ஆயிரம் இறக்கு தாயே என்பேன். அர்ச்சனைச் சீட்டு கொடுக்கிறவரே, "இன்னா, முகம் வாடிப்போச்சு, வூட்ல ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

டிரைவர் எப்போதாவது வருவான். விலையைப் பார்ப்பான். கட்டுமரத்தில் ஒரு தடவை போய்வருவான். ஒரு வில்லைக் கற்பூரம். என்னோடு அதிகம் பேச மாட்டான். ஆட்களும் குறைந்துகொண்டே போனார்கள். உப்புக்காற்றில் இரண்டு கம்ப்யூட்டர் போயின, நான் ரிப்பேர் செய்யவில்லை. சுடுகிற விளையாட்டுக்குப் போனவர்கள் போகும்போது விசைப்படகை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

பங்குனி வெயில் ஆரம்பித்த ஒரு மத்தியானம் அவன் வந்தான். வழக்கம்போல லாரி வரிசை நின்றிருந்தது. பலகையில் பத்தொன்பதாயிரம் என்று இருந்தது. அவனாகப் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

"அண்ணே."

"பாத்தேன்."

"எத்தினி போட்டு இப்ப கடல்ல கீது?"

எட்டிப் பார்த்துச் சொன்னேன். பதினொன்று.

"அவ்ளோதானா? முன்னல்லாம் எடம் இல்லாம இடிச்சிக்கினு நிக்குமே." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "சரி வுடு. எல்லா மீனும் எனக்குத்தான்."

வாங்கினான். பேர் எழுதுகிற கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி அப்பா பேரை எழுதினான். ஒரு எழுத்து தப்பாகிவிட்டது, என்னைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னான். இருபது வில்லை கற்பூரம் ஏற்றினான். மானிட்டர் கண்ணாடியை விரலால் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். படகு கரையை விட்டு நகர்ந்தது.

அதே நேரம் தெருவிலிருந்து கிளீனர் கத்தினான், வரிசை நகருதாம். டிரைவர் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். "அண்ணே, நீ கொஞ்சம் பாத்துக்க. தனியா வுட்றாத" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டே ஓடினான்.

விலை இறங்கியதற்குக் கற்பூரம் காரணமா, ஆட்கள் போனது காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மச்சான் இரண்டும்தான் என்பான். அம்மனிடம் கேட்டதை அம்மன் கொடுத்தாள், எப்படிக் கொடுத்தாள் என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை.

விசைப்படகு கடலுக்குப் போய்த் திரும்ப இருபது நிமிடம் ஆகும். மூன்றாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. படகு திரும்பியது. கரையில் நின்றிருந்த வியாபாரி எப்போதும்போல மொத்த மீனையும் அதே விலைக்கு வாங்கிக்கொண்டான். அந்த இருபது நிமிடத்துக்கான கடைக் காசை நான் அவன் கணக்கில் எழுதவில்லை.